நாக்கில் தொடங்கி இடுப்புக்கு வந்த மருந்து

ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. பெருவிலும் பொலிவியாவிலும் மலையேறுகிறவர்களும் சுமை தூக்குகிறவர்களும் சுரங்கத்தில் இறங்குகிறவர்களும் ஒரு பிடி காய்ந்த கோகா இலையைக் கடைவாயில் அதக்கிக்கொள்வார்கள். இலை மட்டும் போதாது. கூடவே கொஞ்சம் சுண்ணாம்போ செடிச் சாம்பலோ சேர வேண்டும். வெற்றிலை போட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் இலை பிடிக்கும். கோகா பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம், சற்று நேரத்தில் கன்னத்தின் உட்புறமும் நாக்கும் மரத்துப்போவது.

அந்த மரத்துப்போன நாக்கில்தான் இந்தக் கதை பிறக்கிறது. இன்று இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் போகிறவரின் முதுகில் ஏற்றப்படும் தெளிந்த மருந்து, அந்த இலையின் வம்சத்தில் வந்தது. அதன் 160 ஆண்டுப் பயணத்தைப் பின்தொடர்ந்து போனால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது வலி பிறக்கும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கியிருப்பது தெரியும். நெருங்க நெருங்க மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கும் கேள்வியும் மாறியிருக்கிறது. முதலில் “வலி தெரிகிறதா?” என்று கேட்டார்கள். இப்போது “எழுந்து நிற்க முடிகிறதா?” என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் இந்த மருந்தின் வாழ்க்கை.

கப்பல் ஏறிய இலை

1857-இல் ஆஸ்திரியாவின் ‘நோவாரா’ என்ற போர்க்கப்பல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. அறிவியல் பயணம் அது. 1858-இன் தொடக்கத்தில் இலங்கையின் காலியிலும் பிறகு சென்னைப்பட்டணத்திலும் நங்கூரமிட்டுவிட்டு, நிக்கோபார், சிங்கப்பூர் வழியாகக் கிழக்கே போனது. அந்தப் பயணத்தில் இருந்த கார்ல் ஷெர்ட்ஸர் என்ற அறிஞர் தென் அமெரிக்காவை அடைந்ததும் கப்பலை விட்டுப் பிரிந்து பெரு வழியாக ஊர் திரும்பினார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருந்த வேதியியல் பேராசிரியர் ஃபிரெட்ரிக் வோலரின் ஆய்வுக்காக, கோகா இலைகளை அவர்தான் சேகரித்து எடுத்துவந்தார்.

வோலர் இலையைத் தன் மாணவர் ஆல்பர்ட் நீமானிடம் கொடுத்தார். 1860-இல் நீமான் இலையிலிருந்து வெண்ணிறப் படிகம் ஒன்றைப் பிரித்தெடுத்து, ‘கோகெயின்’ என்று பெயரிட்டார். நாக்கில் வைத்தால் மரத்துப்போகிறது என்றும் குறித்துவைத்தார். அடுத்த ஆண்டே, 26 வயதில், அவர் இறந்துபோனார். நாக்கு மரத்துப்போவது அதன்பிறகு பலருக்கும் தெரிந்த சேதிதான். ஆனால் அறுவை சிகிச்சைக்கு அதைக் கொண்டுவர இன்னும் 24 ஆண்டுகள் ஆயின.

1884, வியன்னா. கார்ல் கொல்லர் என்ற இளம் கண் மருத்துவர் பெரிய சிக்கல் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஈதர் கொடுத்து ஆளை மயக்கினால் விழிக்கும்போது குமட்டலும் வாந்தியும் வரும். அந்த முக்கலிலேயே புதிதாக அறுத்த கண் கெட்டுப்போகலாம். மயக்கம் கொடுக்காவிட்டால் கத்தி நெருங்கும்போது கண் ஓடும். கொல்லரின் நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டு அப்போது கோகெயினைப் பற்றித் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். உடல் சோர்வு, மனச் சோர்வு என்று அவர் பார்வை வேறு பக்கம் இருந்தது. கொல்லர் நாக்கைக் கவனித்தார். நாக்கை மரத்துப்போகச் செய்வது கண்ணையும் செய்யாதா?

தவளையின் கண்ணில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு தானும் உடனிருந்தவரும் தங்கள் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டார்கள். ஒன்றுமே தெரியவில்லை. 1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர்கள் முன்னால் இந்தச் செய்தி வாசிக்கப்பட்டது. ரயிலுக்குப் பணம் இல்லாததால் கொல்லர் போகவில்லை. அவர் கட்டுரையை வேறொருவர் படித்தார். ஆளை மயக்காமல் உடம்பில் ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது.

இதற்கு விலையும் உண்டு. நியூயார்க்கின் வில்லியம் ஹால்ஸ்டெட், நரம்பின் அருகே கோகெயினை ஊசியால் செலுத்தினால் அந்த நரம்பு போகும் பகுதி முழுவதும் மரத்துப்போகும் என்று காட்டினார். நாம் இன்று ‘பிளாக்’ என்று சொல்கிற முறைக்கு அதுவே வேர். ஆனால் தன் உடம்பில் சோதித்துப் பார்த்த அந்த மேதை கோகெயினுக்கு அடிமையானார். பிற்காலத்தில் அமெரிக்க அறுவை மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்ட அவர், போதையோடு போராடியே மீதி வாழ்நாளைக் கழித்தார்.

கீல் நகரில் ஓர் ஆகஸ்ட்

கண்ணிலிருந்து முதுகுக்கு வர 14 ஆண்டுகள். வடஜெர்மனியின் துறைமுக நகரமான கீலில், 1898 ஆகஸ்ட் 16 அன்று ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், கணுக்கால் காசநோயால் அவதிப்பட்ட 34 வயதுத் தொழிலாளி ஒருவரின் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செருகி, தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் நீரில் சிறிதளவு கோகெயின் கரைசலைச் செலுத்தினார். கால் மரத்துப்போனது. வலியில்லாமல் அறுவை முடிந்தது. பிறகு அந்த நோயாளிக்குக் கடுமையான தலைவலியும் வாந்தியும் வந்தன.

அந்தத் தலைவலி எதனால் என்று தெரிந்துகொள்ள, ஆகஸ்ட் 24 அன்று பியர் தானே நோயாளியாக உட்கார்ந்தார். அவருடைய உதவியாளர் ஹில்டப்ரான்ட் ஊசியைச் செருகினார். சிரிஞ்சு ஊசியில் சரியாகப் பொருந்தவில்லை. மருந்தில் பெரும்பகுதி வெளியே சிந்தியது. முதுகு நீரும் நிறைய வடிந்தது. உடனே ஹில்டப்ரான்ட் தன் முதுகைக் காட்டினார். பியர் போட்ட ஊசி வேலை செய்தது. அதன்பின் நடந்தவற்றைப் பியரே எழுதிவைத்திருக்கிறார். தொடையில் ஊசியால் குத்தினார்; காலைக் கிள்ளினார்; எரியும் சுருட்டை வைத்தார்; முழங்கால் கீழ் எலும்பை இரும்புச் சுத்தியால் அடித்தார். தொடுவது தெரிந்தது, சூடு தெரிந்தது, வலி தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பத் தொடங்கியது.

வெற்றிக்களிப்பில் இருவரும் அன்றிரவு மது அருந்திச் சுருட்டுப் பிடித்தார்கள். மறுநாள் முதல் இருவருக்கும் வேதனை. ஹில்டப்ரான்டின் கால்கள் அடிபட்ட இடமெல்லாம் கன்றிப்போயின. பியருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலை பிளந்தது. படுத்தால் வலி நின்றது. ஒன்பது நாள் படுக்கையிலேயே கிடந்தார். தன் முதுகிலிருந்து கசிந்துபோன நீர்தான் காரணம் என்று அவர் ஊகித்தது சரி. அந்த ஊகத்தைப் பிடித்துக்கொண்டு ஊசி அடுத்த நூறு ஆண்டுகள் மெலிந்துகொண்டே வந்தது. 1951-இல் பென்சில் முனை போன்ற ஊசி வந்தது. பழைய ஊசி தண்டுவட உறையை வெட்டிக்கொண்டு போகும். இது இழைகளை விலக்கிக்கொண்டு போகும். எடுத்ததும் இழைகள் கூடி ஓட்டை சுருங்கிவிடும். இப்போது பயன்படும் ஊசிகள் அரை மில்லிமீட்டர் கனமும் அதற்குக் குறைவும்தான். ‘ஸ்பைனல்’ போட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தலைவலி வராமலிருப்பதற்குப் பின்னால் பியர் படுத்துக் கிடந்த ஒன்பது நாட்கள் இருக்கின்றன.

இலையை விட்டுப் பிரிந்தது

ஊசி மெலிந்ததோடு மருந்தும் மாறியது. கோகெயின் மூலக்கூற்றை வேதியியலாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு முனை கொழுப்போடு சேரும். மறு முனை நீரோடு சேரும். நடுவில் ஒரு சங்கிலி. மரத்துப்போகச் செய்வது இந்த அமைப்புதான். இதை மட்டும் வைத்துக்கொண்டு, போதை தரும் குணத்தைக் கழித்துவிட முடியாதா? 1904-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய ‘நோவோகெயின்’ அதைச் செய்துகாட்டியது. ஹைன்ரிக் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் அதோடு துளி அட்ரினலின் சேர்த்தார். ரத்தக்குழாய்கள் சுருங்க, மருந்து போட்ட இடத்திலேயே தங்கியது. 1907-இல் லண்டனின் ஆர்தர் பார்க்கர் குளுக்கோஸ் கலந்தார். முதுகு நீரைவிடக் கனமான மருந்து, தண்ணீரில் போட்ட சர்க்கரைப் பாகுபோல் தாழ்வான பக்கம் இறங்கும். நோயாளியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் மருந்து போகும். நம் ஊர் தியேட்டர்களில் இன்றும் அந்தக் குப்பியின் பெயர் ‘ஹெவி’ தான்.

1930-களில் ஸ்டாக்ஹோமில் மறுபடியும் நாக்கு குறுக்கிட்டது. வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் ஒருவர் தான் தயாரித்த பொருளைச் சுவைத்துப் பார்த்தபோது நாக்கும் உதடும் மரத்துப்போயின. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போன நில்ஸ் லோஃப்கிரென், 1943-இல் தன் மாணவர் லுண்ட்குவிஸ்ட்டோடு சேர்ந்து லிடோகெயினைக் கண்டெடுத்தார். பல் பிடுங்கப் போனவர்கள் ‘சைலோகெயின்’ என்று கேள்விப்பட்டிருப்போமே, அதுதான் இது. 1957-இல் அதே ஸ்வீடனில் போ ஆஃப் ஏகென்ஸ்டாம் குழுவினர் பியூபிவகெயினைத் தொகுத்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது, பீரங்கியால் நமக்குப் பெயர் பழகிப்போன போஃபர்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். மருந்து மெதுவாகப் பிடித்தது. ஆனால் பிடித்தால் பல மணி நேரம் விடவில்லை.

வலி என்பது நரம்பில் ஓடும் மின்துடிப்பு. நரம்பின் சுவரில் சோடியம் அயனிகள் நுழையும் நுண்ணிய வாசல்கள் உண்டு. ஒரு வாசல் திறந்தால் அடுத்தது திறக்கும். அப்படியே செய்தி மூளைவரை போகும். இந்த மருந்தின் கொழுப்பு முனை நரம்புச் சுவரைக் கரைந்து கடக்கிறது. உள்ளே போனதும் மூலக்கூறு வாசலை உட்புறமிருந்து அடைத்துவிடுகிறது. மெல்லிய இழைகள் முதலில் அடங்கும். அதனால்தான் முதலில் கால் கதகதப்பாகிறது, பிறகு குளிர்ச்சியும் வலியும் மறைகின்றன, கடைசியாகத்தான் கால் அசையாமல் போகிறது.

பயணத்தில் இரண்டு பெரிய சறுக்கல்கள். 1947-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் முதுகில் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பேருக்குக் கால்கள் நிரந்தரமாக முடங்கின. வழக்கு மேல்முறையீடுவரை போனது. மருந்தில் கிருமிநாசினி கலந்துவிட்டதாக அன்று நம்பப்பட்டது. ஊசியைக் கொதிக்கவைத்த பாத்திரத்தைச் சுத்தம் செய்த அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வு சொன்னது. எதுவானாலும், பிரிட்டனில் ஒரு தலைமுறை ஸ்பைனலை நெருங்க அஞ்சியது. இரண்டாவது, 1979-இல் வந்த எச்சரிக்கை: பியூபிவகெயின் தவறுதலாக ரத்தக்குழாயில் போய்விட்டால் இதயத்தின் வாசல்களையும் அடைத்து, எளிதில் விடுவதில்லை. அந்தப் பாடத்திலிருந்துதான் இதயத்துக்குச் சற்று இரக்கம் காட்டும் ரோபிவகெயின் பயன்பாட்டுக்கு வந்தது. அதோடு, 1998-இல் கை வைன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வேறொரு வழியும் கண்டார். உணவு உட்கொள்ள முடியாத நோயாளிகளுக்கு ஏற்றுகிற சோயா எண்ணெய்க் குழம்பை ரத்தத்தில் செலுத்தினால், விஷமேறிய எலிகளின் இதயம் மீண்டது. கொழுப்பை நாடும் மருந்தைக் கொழுப்பைக் கொண்டே இழுப்பது. பிளாக் போடுகிற தியேட்டர்களில் பால் போல வெளுத்த ஒரு பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இன்று விதி.

இடுப்பு என்ற கடினமான ஊர்

இதற்குள் மருந்து போய்ச்சேர வேண்டிய ஊர் ஒன்று உருவாகியிருந்தது. 1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு எஃகுப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் பொருத்தினார். இன்றைய மாற்று மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடி அது. மூட்டு சரியாகிவிட்டது. வலி?

தொடையெலும்பின் தலையை ரம்பத்தால் அறுக்கிறார்கள், கிண்ணத்தைக் குடைகிறார்கள், எலும்பின் உட்குழியை அரத்தால் ராவிச் சுத்தியால் தண்டைத் தட்டி இறக்குகிறார்கள். போதாததற்கு, இடுப்பு மூட்டுக்கு ஒரு நரம்பு மட்டும் காவல் இல்லை. முன்பக்கத்துக்குத் தொடை நரம்பின் கிளைகளும் அப்டுரேட்டர் நரம்பின் கிளைகளும். பின்பக்கத்துக்குச் சயாட்டிக் நரம்பிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் வரும் கிளைகள். ஒரு வாசலைப் பூட்டினால் இன்னொரு வாசல் திறந்திருக்கும்.

பழைய வழி எளியது: ஆளை மயக்கி அறுத்து, விழித்ததும் சில மணிக்கொரு தரம் மார்ஃபின் ஊசி. மார்ஃபின் வலியைக் குறைத்தது. கூடவே குமட்டல், மலச்சிக்கல், அரைத்தூக்கம், வயதானவர்களுக்குச் சித்தக் கலக்கம். வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களின் காலில் ரத்தம் உறைந்தது; அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தது. படுத்திருக்கிறவருக்கு வலி இல்லாமலிருப்பது போதாது என்று மருத்துவர்கள் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தார்கள். டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் இதை 1990-களில் உரக்கச் சொன்னார். ஒரே மருந்தை அதிகம் கொடுக்காதீர்கள், பல மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், நோக்கம் நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது என்பதே அவர் வாதம்.

அந்த நோக்கத்தோடு பார்த்தால் ஒவ்வொரு முறைக்கும் வேறு மதிப்பெண் கிடைக்கிறது.

முழு மயக்கம் அறுவை நடக்கும்போது மட்டும் காக்கும். விழித்த நிமிடத்திலிருந்து வலி நம்முடையது. அதனால் அதோடு வேறு ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் அதை ஆபத்தானது என்று ஒதுக்குவதும் தவறு. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள் 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 60 நாள் கழித்து இறந்தவர்களும் பிறர் துணையின்றி நடக்க முடியாதவர்களும் ஸ்பைனல் போட்டவர்களில் 18.5 விழுக்காடு, முழு மயக்கம் பெற்றவர்களில் 18 விழுக்காடு. வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். எலும்பு முறிவும் திட்டமிட்ட மூட்டு மாற்றும் ஒன்றல்ல; ஆனாலும் ‘ஸ்பைனல்தான் எப்போதும் மேல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதற்கு இது போதும்.

ஸ்பைனல் அறுவைக்கும் அதன்பின் சில மணி நேரத்துக்கும் காக்கும். அதோடு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு மார்ஃபின் சேர்த்தால், மரப்பு போனபிறகும் ஏறக்குறைய ஒரு நாள் வலி அடங்கியிருக்கும். தண்டுவடத்திலேயே மார்ஃபின் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருப்பதால்தான் இவ்வளவு சிறிய அளவு போதுமானதாகிறது. பதிலுக்கு உடம்பு அரிக்கலாம், குமட்டலாம், சிறுநீர் இறங்காமல் போகலாம். மூச்சு மந்தப்படுகிறதா என்று இரவெல்லாம் கவனிக்க வேண்டும்.

எபிடியூரல் என்பது தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாயை வைத்து மருந்தைச் சொட்டுவது. படுத்திருக்கையில் வலியை அது நன்றாகவே அடக்கும். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும், அறுக்காத காலும் கனக்கும், சிறுநீர்க் குழாய் தேவைப்படும். மூட்டு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுவது வழக்கம். முதுகில் குழாய் இருக்கும்போது அந்த ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை நசுக்கும் ஆபத்து உண்டு. 1997-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரித்தது. நடக்கவைக்க நினைக்கிறவர்கள் இந்த முறையிலிருந்து விலகிவிட்டார்கள்.

தொடை நரம்பையே பிளாக் செய்தால் ஆள் அரைத்தூக்கத்தில் கிடக்க வேண்டாம், மறு காலைத் தொட வேண்டாம். ஆனால் தொடையின் முன் தசையை ஆள்வதும் அதே நரம்பு. வலி போனது என்று நம்பி எழுந்தவரின் முழங்கால் மடங்கி அவர் விழலாம். புதிதாகப் பொருத்திய மூட்டோடு விழுவதைவிடப் பெரிய கேடு வேறில்லை. தசை உறைக்கு அடியில் மருந்தைப் பரப்பும் ஃபாஸியா இலியாக்கா பிளாக் இதற்குச் சற்றுத் தணிந்த வழி. தொடை தளர்வது அதிலும் முற்றிலும் இல்லாமலில்லை.

பிறகு மருந்து மூட்டுக்குள்ளேயே வந்தது. சிட்னியின் கெர், கோஹான் என்ற இரு மருத்துவர்கள் 2008-இல் எழுதிய முறை அது: அறுவை மருத்துவரே தையல் போடும் முன் ரோபிவகெயினையும் வலி நிவாரணியையும் அட்ரினலினையும் கலந்து தசையிலும் மூட்டு உறையிலும் சுற்றிலும் ஊசியால் நிரப்புவது. தனி ஊசி இல்லை, தளர்ச்சி இல்லை. முழங்கால் மாற்றில் இதன் பலன் தெளிவாகத் தெரிகிறது. இடுப்பில், மற்ற மாத்திரைகள் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருந்தால் கூடுதல் பலன் குறைவு.

கடைசி நிறுத்தம் டொரண்டோ. 1994-இல் கொல்லரின் அதே வியன்னாவில் மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடி பிளாக் போடத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கண் கிடைத்தபின், 2018-இல் பிலிப் பெங் குழுவினர் இடுப்பு மூட்டின் முன் உறைக்குப் போகும் நுண்கிளைகளை மட்டும் குறிவைத்தார்கள். தொடை நரம்பின் தாய்க்கிளையைத் தொடாமல், எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவே 20 மில்லி மருந்து. இதன் பெயர் ‘பெங்’ பிளாக். மூட்டு உறையின் முன்பக்கம்தான் வலியை அதிகம் உணரும் பகுதி. அது அடங்குகிறது, தொடையின் பலம் பெரும்பாலும் நிற்கிறது. அளவு கூடினாலோ மருந்து பரவினாலோ இதிலும் தொடை தளரலாம். தோலில் கீறிய இடத்தின் வலியையும் இது தனியே அடக்காது.

இத்தனைக்கும் அடியில் அஸ்திவாரமாக இருப்பவை நமக்குப் பழகிய எளிய மருந்துகள்: நேரம் தவறாத பாராசிட்டமால், சிறுநீரகமும் வயிறும் இடம்கொடுத்தால் வீக்கம் குறைக்கும் மாத்திரை, அறுவையின்போது ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன். ஆய்வுகளை அலசி 2021-இல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று தந்த பரிந்துரையும் இதுவே: முழு மயக்கமோ ஸ்பைனலோ இரண்டும் சரி, அஸ்திவாரத்தை விடாதீர்கள், மேலே ஒரு முறை போடும் ஃபாஸியா இலியாக்கா பிளாக்கோ மூட்டைச் சுற்றிய ஊசியோ சேருங்கள், மார்ஃபின் வகைகளைக் கடைசிக் கைத்தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் இரவு

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அத்தை. 68 வயது. வலது இடுப்பு தேய்ந்து, கோயில் பிரகாரத்தை ஒரு சுற்றுகூட வர முடியாமல் போன பிறகுதான் அறுவைக்குச் சம்மதித்தார். முந்தின நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் வார்டுக்கு வந்தார். இளைஞர்.

“முதுகுல ஊசி போட்டா காலம் பூரா முதுகுவலி வருமாமே, டாக்டர் தம்பி?” என்றார் அத்தை. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லும் பயம் அது.

“ரெண்டு மூணு நாள் குத்துன இடம் வலிக்கலாம்மா. காலம் பூரா இருக்குற வலிக்கு ஊசி காரணமில்ல,” என்றார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன செய்யப்போகிறார் என்று வரிசையாகச் சொன்னார். ஸ்பைனல், பெங் பிளாக், பிறகு நேரத்துக்கு மாத்திரை. அந்தப் பத்து நிமிடத்தில் அத்தையின் பாதிப் பயம் போய்விட்டது.

மறுநாள் தியேட்டரில் நடந்ததை அத்தைதான் சொன்னார். கூன் போட்டு உட்காரச் சொல்லி, தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். எறும்பு கடித்ததுபோல் ஒரு குத்து. பிறகு, “கால்ல யாரோ வெந்நி ஊத்துன மாதிரி கதகதன்னு ஏறுச்சுடா. கொஞ்ச நேரத்துல கால் என்னுதில்லங்குற மாதிரி ஆயிருச்சு.” ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொடையில் வைத்து, “சில்லுன்னு இருக்காம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றாராம். கீல் நகரில் சுருட்டும் சுத்தியும் செய்த வேலையை இங்கே ஒரு துண்டுப் பஞ்சு செய்துமுடித்தது.

அன்றிரவு நான் துணைக்கு இருந்தேன். டியூட்டி சிஸ்டர் ஒவ்வொரு முறை வரும்போதும், “பத்துக்கு எத்தனைம்மா வலி?” என்று கேட்டார். “மூணு.” எழுதிக்கொண்டு, அடுத்து ஒன்று கேட்டார்: “காலை அசைச்சா?” அத்தை மெதுவாக அசைத்துப் பார்த்து, “நாலு இருக்கும்,” என்றார். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அசையாமல் கிடக்கும்போது எந்த மருந்தும் நல்ல மருந்துதான். அசையும்போது என்ன ஆகிறது என்பதில்தான் முறைகளின் தரம் பிரிகிறது.

வேறொரு மருத்துவமனையில், வேறொரு உறவினருக்கு, சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வலி தாங்காமல் அவர் முனகியபோது, “ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பொறுத்துக்கொள்வது நம் வீடுகளில், அதிலும் பெண்களிடம், ஒரு குணமாகப் போற்றப்படுகிறது. அறுவை முடிந்த காலோடு பொறுத்துக்கொண்டு படுத்திருப்பது உடம்புக்குச் செய்யும் தீங்கு. அதனால் மூட்டு மாற்றுக்குப் போகிற எவரும், அவரை அழைத்துப்போகிற எவரும், முதல் நாளே மயக்க மருந்து டாக்டரிடம் மூன்றைக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஊசி விட்டபிறகு வலிக்கு என்ன ஏற்பாடு? தொடையில் பலம் இருக்குமா, எப்போது நிற்கலாம்? இரவில் வலி கூடினால் யார் வந்து பார்ப்பார்கள்? எந்த முறை என்பதை டாக்டர்கள் நோயாளியின் வயதையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் பார்த்து முடிவுசெய்யட்டும். கேட்கிற உரிமை நம்முடையது.

காலை ஏழரைக்கு பிசியோதெரபி பெண் வந்தார். அத்தையின் வலது முழங்காலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்தார்.

“என் கையை முட்டியால அமுக்குங்கம்மா.”

அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். தொடையின் முன் தசை போர்வைக்கு மேலேயே இறுகித் தெரிந்தது. அந்தப் பெண் ஐந்து எண்ணினார். இன்னொரு முறை அமுக்கச் சொன்னார். பிறகு தலையசைத்துவிட்டு வாக்கரை இழுத்துக் கட்டிலருகே நிறுத்தினார். அத்தை காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கைப்பிடிகளைப் பற்றி எழுந்தார். நிமிர்ந்து நின்று ஒருமுறை மூச்சுவிட்டுக்கொண்டார்.

“வலிக்குதா அத்தை?”

“வலி இருக்கு,” என்றார். “காலும் இருக்கு.”

கட்டிலிலிருந்து கதவு வரை எட்டு அடி. நடந்தார்.